மஸ்கட் மெயிலில் வெள்ளச்சி

— பேர் தெரியாம எப்படி அக்கா தேடறது? கம்ப்யூட்டர்கிட்ட ஜாடை காட்ட முடியாது. வாய் விட்டுச் சொல்லுங்கோ.

— கட்டுனவிய பேரை எப்படித் தாயி என் வாயால சொல்லுவேன்?

— சரி, நானே சொல்லிடறேன். மஸ்கட் சோலைராஜ். பெத்தம்மாள் பிள்ளை. சரிதானே?

— ஆமா, அவியதான். உனக்கு எப்படித் தெரியும்?

— இந்தப் பங்கஜவல்லிக்குத் தெரியாத மஸ்கட்டா! உங்களை மாமியாரோட கடைத்தெருவுல பார்த்திருக்கேன். மாசாமாசம் அவா இங்க வருவா. நான் மெயிலைப் படிப்பேன், கேட்டுண்டு போயிடுவா. ராஜபாளையத்துல பாதிப் பேருக்கு எங்க இன்டர்நெட் சென்டர் மெயில்தான் விலாசம். அடுத்தாத்து போனை பி.பி. நம்பர்னு குடுக்கற மாதிரி. என்ன அக்கா, இப்படி இருமறேள்? தண்ணி தரட்டுமா?

— வேண்டாம் தாயி. நூல் மில்லுல வேலை. பஞ்சு உள்ள போயிருது. பழகிப்போச்சு.

— மாமியார் ஆத்துக்கு வந்து சமாசாரம் சொல்லலையா?

— சொல்லும். 'நல்லாருக்கானாம், வேலை நெறையவாம்.' அம்புட்டுதான். என்னைக் கேட்டாவளான்னு நான் எப்படிக் கேக்க? வெக்கங்கெட்டவன்னு நெனைக்காதா?

— அவர் போன் பண்றதில்லையா?

— மளிகைக் கடைக்கு வரும். கடை நெறைய ஆளு நிக்கும். 'இந்தா, நல்லாருக்கியா? அம்மாட்ட குடு.' மூணு வருசமா இதுதான் எங்க குடித்தனம்.

— ஏட்டி அழகுத்தாயி! மம்சாபுரம் பஸ்சு வந்துரும். இன்னும் என்னட்டி பேச்சு?

— செத்த நேரம் இருண்ணே, வாரேன்.

— வாசல்ல யாரு, அண்ணாவா? கையில பெரிய பையா இருக்கே.

— என் துணிமணிதான். ஐயாதுரை அண்ணன் என்னைப் பொறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கு. 'ஒரு வார்த்தை விசாரிக்காத புருசனுக்காக நீ எதுக்குட்டி மில்லுலயும் அடுப்படியிலயும் கெடந்து தேயுத'ங்கு. நான் ஒண்ணே ஒண்ணு சொன்னேன். அவிய அனுப்புனதுல எங்கயாவது என் பேரு இருந்தா நான் இங்கயே கெடப்பேன். இல்லன்னா உன்கூட வந்துருதேன்னுட்டேன்.

— ஆண்டாளே! இதுக்கா வந்தேள்? இருங்கோ, பார்த்துடலாம். 'ஃபைண்ட்'னு ஒண்ணு இருக்கு. ஒரு வார்த்தையை அடிச்சாப் போதும், எந்தப் பழைய மெயில்ல இருந்தாலும் தோண்டி எடுத்துண்டு வந்துடும்.

— பழசெல்லாம் இன்னும் இருக்குமா?

— சென்டர் திறந்த நாள்லேர்ந்து ஒண்ணையும் அழிக்கலை. அடுத்த மாசம் ரெண்டாயிரம் பொறந்தா எல்லா மிஷினும் படுத்துடும்னு ஓனர் பயந்துண்டிருக்கார். அது அப்போ. இன்னிக்கு எல்லாம் பத்திரமா இருக்கு. இதோ, உங்க பேரை அடிச்சுட்டேன்.

— என்ன சொல்லுது?

— தேடறது.

— இன்னுமா?

— ஒண்ணும் இல்லைங்கறது, அக்கா.

— நல்லாப் பாரு தாயி.

— அழகுன்னு மட்டும் போட்டேன். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறதுனால விதவிதமா மாத்தியும் போட்டுட்டேன். சம்சாரம், வீட்டுக்காரி, எல்லாம் போட்டாச்சு. எதுலயும் காணோம்.

— போதும். தெரிஞ்சு போச்சு. அண்ணே, பையை எடு. வாரேன்.

— நில்லுங்கோ அக்கா! கோபத்துல எழுந்துக்காதேள். அங்க அவர் கையாலயா அடிக்கறார்? கம்பெனி சூப்பர்வைசர் அடிக்கறார், இவர் சொல்லணும். பின்னால பத்துப் பேர் வரிசையில நின்னுண்டிருப்பா. இந்தப் பக்கம் நான் உரக்கப் படிக்கறேன், அவர் அம்மா கேக்கறா. அத்தனை பேருக்கு நடுவுல ஆம்படையாளை எப்படி விசாரிப்பார்? நீங்களே அவர் பேரைச் சொல்லமாட்டேங்கறேள்!

— ஆறுதலுக்குச் சொல்லுத. ஊருல வேற யாரையும் விசாரிக்கமாட்டாவளாக்கும்?

— விசாரிப்பார். யாரை விட்டாலும் வெள்ளச்சியை விடமாட்டார். அந்த இடம் வந்தா உங்க மாமியார் முந்தானையால வாயைப் பொத்திச் சிரிச்சுண்டு, 'சரி சரி, மேல படி'ம்பா. அது யாரு, பசு மாடா?

— வெள்ளச்சியா? வெள்ளச்சியவா கேக்காவ?

— ஒவ்வொரு தடவையும்.

— எங்க வீட்டு நாயி தாயி. வெள்ளை வெளேர்னு இருக்கும். குட்டியில இருந்து அவிய உசிரா வளத்தது.

— பார்த்தேளா, நாயை விசாரிக்கத் தெரியறது! இந்த ஆம்பளைகளை என்ன சொல்றது?

— அந்தப் பேரைப் போட்டுத் தேடு.

— எதுக்கு அக்கா? இன்னும் வயித்தெரிச்சல்தான்.

— நீ போடு தாயி.

— ஏட்டி, பஸ்சு போயிருச்சுட்டி!

— போனாப் போவுது. அடுத்த பஸ்சு வரும், சும்மா இரு.

— அம்மாடி! எத்தனை மெயில்! ஸ்க்ரீன் கொள்ளலை அக்கா.

— பழசுல இருந்து படி.

— 'வெள்ளச்சி நேரத்துக்குச் சாப்பிடுதா? கோவம் வந்தா பட்டினி கெடக்கும். பாத்துக்கோங்க.'

— பொறவு?

— 'வெள்ளச்சிக்கு இருமல் தேவலையா? பஞ்சுத் தூசி அதுக்கு ஆகாது.' நாய் எதுக்கு அக்கா பஞ்சுக்குள்ள போறது?

— நீ படி.

— 'மாம்பழம் வந்திருக்குமே. வெள்ளச்சிக்குச் சப்பட்டை வாங்கிக் குடுங்க. அதுவா வாய் தொறந்து கேக்காது.' நன்னா இருக்கு! நான் ஸ்ரீவில்லிபுத்தூர்லேர்ந்து தினம் பஸ்ல இடிபட்டுண்டு வரேன், எனக்கு ஒரு மாம்பழம் வாங்கித்தர ஆளில்லை. மஸ்கட்லேர்ந்து நாய்க்கு வாங்கச் சொல்றார்!

— கடைசியா வந்தது எது?

— முந்தாநாள் வந்தது. இதை இன்னும் உங்க மாமியாரே கேக்கலை. 'பொங்கலுக்கு வந்துருவேன். இனி திரும்பிப் போகமாட்டேன். அதுவரைக்கும் வெள்ளச்சி எங்கயும் போயிராமப் பாத்துக்கோங்க.' அக்கா! ஏன் அழறேள்? ஆத்துக்காரர் வரப்போறார், சந்தோஷமான சமாசாரம்தானே?

— அண்ணே! நீ ஊருக்குப் போ. பையை வச்சுட்டுப் போ.

— என்னட்டி, இப்பம் ஒரு பேச்சு, பொறவு ஒரு பேச்சு? உன் பேரு இருந்துச்சா இல்லையா?

— இருக்குண்ணே. எம்புட்டு எடத்துல இருக்கு தெரியுமா! நான் வரல.

— அக்கா, அண்ணாகிட்ட எதுக்குப் பொய்? உங்க பேர் ஒரு இடத்துலயும் இல்லையே!

— பதில் போட முடியுமா தாயி?

— பேஷா. சொல்லுங்கோ, அடிக்கறேன்.

— 'வெள்ளச்சி எங்கயும் போகலை. வாசலைப் பாத்துக்கிட்டு வீட்டுலதான் இருக்கு. சீக்கிரம் வாங்க.'

— நீங்களும் நாயைப் பத்தியேவா? உங்களைப் பத்தி ஒரு வரி போடக் கூடாதா?

— அந்த நாயி, அவிய மஸ்கட்டுக்குப் போறதுக்கு முந்தியே செத்துப்போச்சு தாயி. கொய்யா மரத்தடியில குழி வெட்டிப் பொதைச்சது அவிய கையாலதான்.