ஏழு சிவப்புக் குறிகள்

ஆட்டத்தாளைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். மையால் எழுதினால் என்றாவது ஒருநாள் ஏழாவது இன்னிங்ஸில் மழை வரும், எல்லாம் கரைந்துவிடும். உங்கள் ஆள் மையால் எழுதிக்கொண்டிருக்கிறார், ஷெரீஃப். பரவாயில்லை, இங்கே கூரை இருக்கிறது.

லிண்ட்வால் ஊர் பேஸ்பால் அணிக்கு முப்பத்தோரு வருடமாக நான்தான் தாள் எழுதுகிறேன். வலைக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, மடியில் அட்டை, காலடியில் காபி. ஒவ்வொரு மட்டையாளருக்கும் ஒரு கட்டம். வீசிய பந்து மட்டையாளரின் உடம்பில் பட்டால் அவர் ஓடிச் சேர வேண்டிய முதல் தளம் சும்மா கிடைக்கும். அதற்கு மட்டும் சிவப்புப் பென்சிலில் குறி போடுவேன்.

என் மகன் கர்ட் நன்றாக ஓடுவான், நன்றாகப் பிடிப்பான். வளைந்து வரும் பந்தை மட்டும் அவனால் அடிக்க முடியாது. பத்தொன்பது வயதில் அவனை அணியிலிருந்து எடுத்துவிட இருந்தார்கள். அன்று அவன் சாப்பிடவில்லை. நான் தாள்களைச் சமையலறை மேசையில் பரப்பிக் காட்டினேன். அடித்துவிட்டுப் போனாலும், அடிபட்டுப் போனாலும் முதல் தளம் முதல் தளம்தான்.

"அரை அடி முன்னால நில்லு. பந்து உள்ள வந்தா ஒதுங்காத. தோளைக் குடு."

"வலிக்கும்மா."

"வலியெல்லாம் தாள்ல வராது."

ஒவ்வொரு சிவப்புக் குறிக்கும் மறுநாள் காலையில் கேரமல் ரோல் சுட்டுக் கொடுத்தேன். அணியில் அவன் இடம் நிலைத்தது. எதிரணிக்காரர்கள் பெஞ்சிலிருந்து கத்துவார்கள்.

"டேய் கர்ட், அந்தத் தட்டையே கல்யாணம் பண்ணிக்கப் போறியா?"

"மோதிரம் வாங்கிட்டானாம்டா!"

மட்டையாளர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்திருக்கும் தட்டுக்கு அவன் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்று சிரிப்பான்.

நார்பர்ட் க்ளைன் பக்கத்து ஊர் அணிக்குப் பந்து வீசினான். கர்ட்டின் வயதுதான். 1974 ஜூலை பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாவது இன்னிங்ஸ். பந்து ஹெல்மெட்டுக்குக் கீழே, இடது காதுக்கு முன்னால் பட்டது. சத்தம் பெரிதாக இல்லை. நான் சிவப்புக் குறியைப் போட்டுவிட்டு எழுந்தேன். செவ்வாய்க்கிழமை கர்ட் இறந்துபோனான்.

அதற்குப் பிறகு நார்பர்ட் பந்து வீசவில்லை. டிராக்டர் பழுதுபார்க்கும் கடை வைத்தான். குளிர்காலத்தில் யாரும் கேட்காமலே என் வீட்டுப் பாதையில் கிடக்கும் பனியைத் தள்ளிவிட்டுப் போவான். பதினேழு குளிர்காலம். நான் ஜன்னலிலிருந்து கையசைப்பேன். அப்போது அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதை உங்கள் ஆள் எழுதிக்கொள்ளட்டும்.

இந்த ஏப்ரலில் அணியின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காகப் பழைய தாள்களைக் கேட்டார்கள். பெட்டியைத் திறந்தேன். நார்பர்ட்டின் அணியோடு நாங்கள் ஆறு வருடத்தில் இருபத்து நான்கு ஆட்டம் ஆடியிருக்கிறோம். அவற்றில் நார்பர்ட் ஒன்பது முறை மட்டையாளர்மேல் பந்தைப் போட்டிருக்கிறான். ஒன்பதில் ஏழு கர்ட்.

மறுபடி எண்ணினேன். ஏழுதான். எங்கள் அணியில் ஒன்பது பேர் மாறி மாறி மட்டை பிடிப்பார்கள். ஒருவன்மேல் மட்டும் ஏழு முறை என்றால் அதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பந்து வீசுவதை நிறுத்தியது ஏன், பனி தள்ளியது ஏன் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கியது. தப்பு செய்யாதவன் பதினேழு வருடம் பனி தள்ள மாட்டான்.

மைதானத்தின் ஓரத்தில் பயிற்சிக் கூண்டு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். நாலு பக்கமும் மேலேயும் வலை. ஒரு முனையில் தட்டு. மறுமுனையில், வலைக்கு வெளியே, ஒரு திறப்பு வழியாகப் பந்து வீசும் இயந்திரம். பந்து உள்பக்கமாக இழுக்கிறது என்று நார்பர்ட்டுக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு வந்தான்.

"மிஸஸ் ஹால்வர்சன், இந்தக் கிழட்டு மெஷினுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. காசெல்லாம் வேணாம். ஒரு ரோல் குடுங்க, போதும்."

"முதல்ல தட்டுகிட்ட நின்னு பந்து எங்க வருதுன்னு பாரு."

அவன் உள்ளே போனான். நான் கதவைச் சாத்தி வெளியிலிருந்து சங்கிலி போட்டேன். சுற்றி நடந்து இயந்திரத்துக்கு வந்தேன். வேகம் எண்பத்து நாலு மைல். அந்தக் காலத்தில் அவன் வீசிய வேகம் ஏறக்குறைய அதுதான்.

முதல் பந்து விலாவில் பட்டது. குனிந்தபடியே சிரித்தான்.

"ஆமா, நல்லாவே இழுக்குது. நிறுத்துங்க."

இரண்டாவது முழங்காலில். ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் விழுந்தான். சுவிட்ச் சிக்கிக்கொண்டது என்று நினைத்தான் போல. சிவப்புக் கம்பியைப் பிடுங்குங்கள் என்று கத்தினான். மூன்றாவது இடுப்பில். கதவுவரை ஊர்ந்துபோய்ச் சங்கிலியைப் பார்த்தான். இயந்திரத்தின் தலையைத் திருப்ப ஒரு கைப்பிடி இருக்கிறது, கஷ்டமில்லை. நான்காவது பந்து வலையைப் பிடித்திருந்த விரல்களில் பட்டது.

"கர்ட்டுக்காகவா?" என்று அப்போதுதான் கேட்டான்.

"ஏழு தடவை, நார்பர்ட். தாள்ல இருக்கு."

"அவன் சாஞ்சான், மிஸஸ் ஹால்வர்சன். ஒவ்வொரு தடவையும் பந்துக்குள்ள சாஞ்சான். நீங்க அம்மாவாச்சேன்னு நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. அவன் தலையோட வருவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த நிலையிலும் இறந்த பையன்மேல் பழி போட்டான். ஐந்தாவது தோளில் பட்டது. ஆறாவது வாயில் பட்டது. அதற்குப் பிறகு அவனால் பேச முடியவில்லை, மூச்சு மட்டும் குமிழி குமிழியாக வந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். ஏழாவதை நிதானமாகக் குறிபார்த்துப் போட்டேன். காதுக்கு முன்னால், கர்ட்டுக்குப் பட்ட அதே இடம். கால்கள் சிறிது நேரம் உதைத்துக்கொண்டன. அவை நின்ற பிறகுதான் சுவிட்சை அணைத்தேன். வீட்டுக்குப் போய்க் கை கழுவிவிட்டு உங்களைக் கூப்பிட்டேன்.

ஆக, நார்பர்ட் க்ளைனைக் கொன்றது நான். மேசைமேல் எட்டுத் தாள்கள் வைத்திருக்கிறேன். ஏழு அவன் வீசியவை. எட்டாவது வியாழக்கிழமையுடையது. அதையும் பென்சிலால்தான் எழுதினேன், எதையும் அழிக்கவில்லை.

என் வீட்டு மாடியில் இரண்டாவது பெட்டி ஒன்று இருக்கிறது என்று உங்கள் ஆள் சொன்னார். அது மற்ற ஊர்களோடு ஆடிய ஆட்டங்கள், அதை இங்கே தூக்கிவர வேண்டாம். கர்ட்டின் கட்டங்களில் அதிலும் சிவப்புக் குறிகள் உண்டு. பதினெட்டு பேர் வீசியது, மொத்தம் நாற்பத்தொன்று. அவர்கள் யாரும் வேண்டுமென்று போடவில்லை. எனக்குத் தெரியும். நாற்பத்தொன்றுக்கும் நான் ரோல் சுட்டுக் கொடுத்திருக்கிறேன்.