வெடிக்காத குண்டும் அரை நிமிடமும்

போர்ட்டிக்சனிலிருந்து சிரம்பான் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவரும் செம்பனைத் தோட்டக் காவல் உடுப்பில் இருந்தார்கள். துப்பாக்கிப் பயிற்சி முடிந்து திரும்புகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

ஜன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்: “இன்னிக்கு என் குண்டு வெடிக்காம போச்சே, அதான்க்கா எனக்கு சந்தோஷம்.”

“பைத்தியமாடி உனக்கு? நல்லவேளை, என்னாச்சுன்னு பார்க்க நீ பிஸ்டல திருப்பல.”

“எப்படித் திருப்புவேன்? விரல விசையில இருந்து எடு, முனை டார்கெட்ட விட்டு நகரக்கூடாது, பயிற்சி குடுக்கிற சாரக் கூப்பிட இன்னொரு கையத் தூக்கிட்டு அரை நிமிஷம் அசையாம நில்லு, குண்டு லேட்டாகூட வெடிக்கும்னு என் வீட்டுக்காரரு எத்தன தடவ சொல்லியிருக்காரு.”

“ஆமா. வருஷா வருஷம் உன் பக்கத்து இடத்துல அவருதான் நின்னு சுடுவாரு. இந்த வருஷம் அவரு இல்லாம...”

“அப்படிச் சொல்லாதீங்கக்கா. அவரு செத்ததுல இருந்து வீட்டுல எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரு இல்ல. சுடுற இடத்துலதான் திரும்பவே கூடாதே. அந்த அரை நிமிஷமும் அவரு என் பக்கத்துலதான் நின்னாரு.”

பஸ் லுக்குட் ஊரைத் தாண்டியது. மூத்தவள் மெதுவாகக் கேட்டாள்.

“அதான் சார் வந்து பிஸ்டல வாங்கின பிறகும் தூக்கின கைய இறக்காம நின்னியா?”

“சார் கொஞ்சம் லேட்டா வந்திருக்கலாம்லா.”