மழைக்காலத்து வத்தல்

கார்த்திகை மழையில் உடன்குடியிலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்து. மடியில் தடித்த புத்தகத்தை விரித்து, ஆறுமுகநேரி வரை ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் கணவருக்குத் தூத்துக்குடியில் டயாலிசிஸ் நடக்கிறது, மூத்தவள் அவருடைய அக்கா என்பதெல்லாம் அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏளா, மழையில போய் உப்பில்லாம வத்தல் போடுதியா? கிறுக்கா ஒனக்கு? ரெண்டு நாள்ல பூசணம் பூத்துரும்."

"அவியளுக்கு உப்பு ஆகாதே மைனி. கொல்லையில அவிய போட்ட சீனியவரை, கொத்துக் கொத்தாக் காய்ச்சிக் கெடக்கு."

"அவனுக்கு மட்டும் தனியாப் போடு. மிச்சத்த உப்பு போட்டு அவி."

"அப்படித்தான் பிரிச்சு வச்சேன். பாத்துட்டு, எல்லாத்துக்கும் உப்பு போடுன்னுட்டாவ."

"ஏனாம்?"

"வத்தல் சித்திரையிலதான திங்கப் போறிய, அப்ப எனக்கு எதுக்குத் தனியான்னு கேக்காவ."

மூத்தவள் சாரல் அடித்த ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டாள். நான் நாகரிகம் கருதி ஒரு பக்கம் திருப்பினேன்.

"உப்பு போட்டுட்டியா?"

"போடல. ஃபேனுக்கு அடியில விரிச்சிருக்கேன். தெனமும் பூசணம் பூத்ததப் பொறுக்கி எறிஞ்சிட்டு, புதுசாப் பறிச்சுப் போடுதேன். ஒரு பிடியாவது சித்திரைக்குத் தேறும்லா மைனி?"