மறு ஆரன்

— சின்ராசு, இது வேணாம் அப்பு. சத்தம் போடுற டயரு எதையும் என் கண்ணுலயே காட்டாத. கத்தாத டயரா ஒண்ணு எடு.

— தவசியண்ணே, காலையிலேர்ந்து நாலு விதமா டயர உருட்டிப் போட்டுட்டேன். ஞாயித்துக்கெழமை எனக்கு அரைநாள் கடை. விசயத்துக்கு வாங்க. மலைக்குப் போற வண்டிக்குப் பிடிப்பு வேணுமா, சத்தமில்லாம ஓடணுமா?

— ரெண்டும் வேணும்.

— கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிண்ணே? இந்தா, இதப் பாருங்க. பட்டன் பெருசு பெருசா, கட்டை கட்டையா இருக்கா? சேத்துல நல்லாப் புடிக்கும். தார் ரோட்டுல ஏறினா ஊரக் கூட்டிரும். அந்தா அந்த டயருல பட்டன் சின்னதா நெருக்கமா இருக்கு. சத்தம் கம்மி. ஆனா எஸ்டேட்டுச் சேத்துல விட்டீகன்னா நின்ன எடத்துலயே சுத்தும்.

— நான் என்ன குரங்கணிக்கு மேல ஜீப்பா ஓட்டுறேன்? காரு ஓட்டுறேன். முந்தல், போடிமெட்டு, பூப்பாறை. எல்லாம் தார் ரோடு. கடைசி அரை மைலு மட்டுந்தான் மண்ணு, அங்க ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைகள எறக்கி நடக்க விட்டுருவேன். எனக்குத் தார் ரோட்டுல, மழையில, வழுக்காம நிக்கணும். வாயத் தெறக்காம நிக்கணும்.

— மதினி, மொத அந்த ஸ்டூலுல உக்காருங்க. வந்ததுலயிருந்து முட்டியப் புடிச்சுக்கிட்டே நிக்கிறீக.

— எதுவோ ஒண்ணப் போட்டு அனுப்புங்க தம்பி. வீட்டுல போட்டது போட்டபடி கெடக்கு.

— இன்னும் ஏலக்கா எடுக்க மலைக்குப் போறீகளாமுல்ல? டாக்டரு என்னதான் சொன்னாரு?

— ஏறாத, எறங்காத, குனியாதன்னாரு.

— அப்புறமென்ன?

— ஏலக்கா தூருலதானே தம்பி காய்க்குது. குனியாம எப்படி எடுக்கிறது?

— நீயே கேட்டுக்க அப்பு. திருப்பூர்லேர்ந்து மகன் தெனம் போன் போடுறான், அம்மாவ நிப்பாட்டுங்கன்னு. நானும் ஒரு வருசமா அடிச்சுக்கிறேன், வீட்டுல கெட சுருளின்னு. கேக்குறாளா? விடியறதுக்குள்ள எனக்கு முந்திப் போயி வண்டியில முன் சீட்டுல உக்காந்துக்கிறா.

— முன் சீட்டு மதினிக்குத்தானா?

— வேற எவளும் உக்காந்துற முடியாது. உக்காந்தாலும் சும்மா வருவாளா? ஒவ்வொரு வளைவுலயும் ‘பஸ்சு வருது, ஜீப்பு வருது, ஒதுங்குங்க’ன்னு ஒரே தொணதொணப்பு. இருவத்திரெண்டு வருசமா அந்த ரோட்டுல ஓட்டுறேன். பதினேழு வளைவும் எனக்கு மனப்பாடம். எனக்கு இவ வழி சொல்றா.

— சொன்னா என்ன கொறைஞ்சா போச்சு?

— ஒண்ணும் கொறையல ஆத்தா. மண்டை காயுது, அவ்வளவுதான்.

— சரி, சண்டைய வீட்டுல வச்சுக்கங்க. விசயத்துக்கு வாங்கண்ணே. இத்தன வருசம் இல்லாம இப்ப எதுக்கு திடீர்னு சத்தமில்லாத டயரு?

— செவ்வாக்கெழமை நடந்தது உனக்குத் தெரியாதா?

— ஏலக்கா எடுக்கப் போற சுஜிதா கையில கட்டுப் போட்டிருக்குன்னு கேள்விப்பட்டேன். உங்க வண்டியா?

— என் வண்டிதான். ஏழாவது வளைவு. லேசா மழை, மூடுபனி வேற. எப்பயும் போல வளைவுக்குக் கீழயே ஆரன் அடிச்சேன். அடிச்சிட்டு நின்னு கேட்டேன். மலைரோட்டு வழக்கம் உனக்குச் சொல்லணுமா? நாம ஒண்ணு அடிச்சா மேலயிருந்து எறங்குறவன் மறு ஆரன் கொடுப்பான். கொடுத்தா ஒதுங்கணும். கொடுக்கலைன்னா ரோடு காலி. மறு ஆரன் வரல. நான் ஏறிட்டேன்.

— வந்துச்சாக்கும்?

— பஸ்சு. மூஞ்சிக்கு நேரா. பிரேக்க மிதிச்சேன், வண்டி வழுக்கிக்கிட்டே போயி தடுப்புச் சுவத்துல ஒரசி நின்னுச்சு. சுவரு இல்லைன்னா பள்ளம். உள்ள பதினோரு பொம்பளைக அப்பு.

— ஏழு பேரு போற வண்டியில பதினோரு பேரு. சொன்னாக் கோவப்படுவீக.

— கோவப்படல. திட்டிக்க. அன்னைக்கு ராத்திரியிலயிருந்து நானே என்னத் திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.

— பஸ்சுக்காரன் மறு ஆரன் அடிக்கலையாமா?

— ரெண்டு தடவ அடிச்சேன்னு சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்றான். பின் சீட்டுல இருந்தவளுகளும் கேட்டுச்சுன்னுதான் சொல்றாளுக. பின்னாடி இருக்கிறவளுக்குக் கேக்குது, முன்னாடி இருக்கிற எனக்குக் கேக்கலைன்னா என்ன அர்த்தம்? முன் டயரு ரெண்டும் என் காலுக்கடியிலயே ‘ஊ’ன்னு ஊளையிடுது. அதுல எங்கிட்டு ஆரன் கேக்கும்?

— மதினிதான் முன்னாடி இருப்பாகளே. உங்களுக்குக் கேட்டுச்சா மதினி?

— நான் அன்னைக்குப் போகல தம்பி. ராசிங்காபுரத்துல என் தம்பி பேத்திக்குக் காதுகுத்து.

— ஒரு நாள் போகாம இருந்தீக, அன்னைக்குன்னு பாத்து இப்படி.

— ஆமா தம்பி. ஒரே ஒரு நாளு.

— இவ இருந்திருந்தா மட்டும்? ‘பஸ்சு வருது’ன்னு தெனமும் கத்துறத அன்னைக்கும் கத்தியிருப்பா. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையா, அன்னைக்கு நெசமாவே வந்திருக்கும்.

— ஆமா, வந்திருக்கும்.

— சரிண்ணே. நீங்க டீ குடிக்கப் போனப்ப நான் வண்டிய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வந்தேன். பின் டயரு ரெண்டும் மொட்டை. மழையில வழுக்கினதுக்குக் காரணம் அதுதான், சந்தேகமே இல்ல. ஆனா ஊளைங்கிறீகளே, அப்படி ஒண்ணும் எனக்குக் கேக்கல. வீல் பேரிங்கையும் ஆட்டிப் பாத்துட்டேன். நல்லா இருக்கு.

— ஊருக்குள்ள கேக்காது. மேடு ஏறணும். எனக்கு வீட்டுக்கு வந்து படுத்த பின்னாடிகூட அந்த ஊளை காதுலயே நிக்குது. அப்படிக் கத்துற டயரு.

— படுத்த பின்னாடியுமா?

— பின்ன? அதோட மெட்டுல ஏறினா எல்லாருக்கும் காது அடைக்குமில்ல? எச்சில முழுங்கினா தெறந்துக்கிரும். எனக்கு இப்பக் கொஞ்ச நாளா தெறக்க நேரமாகுது. அடைச்ச காதோட டயரும் சேந்து கத்தினா மனுசன் என்னத்தக் கேக்குறது, சொல்லு.

— போதும்ங்க. தம்பி, அந்தா அந்தக் கருப்பு டயரப் போட்டு விடுங்க.

— மதினி, டயரு எல்லாமே கருப்புத்தான்.

— எதுவோ ஒண்ணு.

— இருங்க, நானே சொல்றேன். இந்த டயரப் பாருங்கண்ணே. நகத்த வச்சு அழுத்துங்க. ரப்பரு பதியுதா? மெதுவான ரப்பரு, ஈர ரோட்டுல ஒட்டிக்கிட்டு நிக்கும். நடுவுல நாலு கோடு ஓடுது, தண்ணி அது வழியா வெளிய போயிரும். பட்டன் ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னு மாத்தி மாத்தி வச்சிருக்கான். எல்லாம் ஒரே அளவா இருந்தா ஒரே சுதியில ஊளையிடும். மாத்தி வச்சா ஊளை வராது. சீக்கிரம் தேயும், அது ஒண்ணுதான் கொறை.

— தேஞ்சா தேயட்டும். எப்பச் செஞ்ச சரக்கு இது? போன தடவ ஒருத்தன் மூணு வருசப் பழசத் தலையில கட்டிட்டான்.

— ஓரத்துல நாலு நம்பரு இருக்கு பாருங்க. மொத ரெண்டும் வாரம், அடுத்த ரெண்டும் வருசம். செஞ்சு மூணு மாசம்கூட ஆகல.

— சரி, முன்னாடி ரெண்டு போடு.

— ரெண்டு மட்டும்னா பின்னாடிதான்ணே போடணும்.

— என்ன?

— பின்னாடி போடணும்ங்கிறாக.

— மதினி, நான் தமிழ்லதான் பேசுறேன், நீங்க எதுக்குத் திருப்பிச் சொல்றீக?

— பழக்கமாப் போச்சு தம்பி.

— முன்னாடிதானே அப்பு இழுக்குது? மலையில ஓட்டுறவன் எல்லாவனும் புதுச முன்னாடிதான் போடுறான்.

— எல்லாவனும் பண்ற தப்பு அது. மழையில பின் டயரு மொட்டையா இருந்தா வளைவுல வால் சுத்தி வண்டிய விசிறி விட்டுரும். முன்னாடி வழுக்கினா ஸ்டேரிங்கப் புடிச்சுச் சமாளிக்கலாம். பின்னாடி வழுக்கினா சாமியத்தான் கூப்பிடணும்.

— அப்ப நாலும் போடு. இதுல மிச்சம் புடிச்சு எங்க கொண்டு போறேன்? நேத்து பொற்கொடி வாசல்ல வந்து நின்னுட்டா. பதினோரு பேருக்கும் அவதான் பேசுறது. ‘அண்ணே, உங்க மேல எங்களுக்கு வருத்தமில்ல. எங்களுக்குப் புள்ளகுட்டி இருக்கு. திங்கக்கெழமைக்குள்ள வண்டியச் சரி பண்ணுங்க, இல்லைன்னா சிலமலைக்காரன் வண்டியில ஏறிக்கிறோம்’ன்னா. கோவமாச் சொல்லியிருந்தாக்கூடத் தேவலை. அழுகாத கொறையாச் சொல்றா. இருவத்திரெண்டு வருசத்துல ஒருத்தி மேல ஒரு கீறல் விழுந்ததில்ல அப்பு. எனக்கு அது ஒண்ணுதான் மருவாதி.

— சரிண்ணே, மனசப் போட்டுக் கொழப்பிக்காதீக. நாலும் போட்டுருவோம். செத்த உக்காருங்க.

— நீயும் உக்காரு சுருளி. என்ன, கண்ணு சொக்குது?

— சொக்கல. மூடிக்கிட்டு இருக்கேன்.

— அவளுக்கு அலுப்பு. எனக்கும்தான் அலுப்பு. ரெண்டு கெழட்டு மாடும் ஒரே வண்டியில.

…

— மாட்டியாச்சுண்ணே. அலைன்மென்டு பாத்துட்டேன், காத்தும் அளவா வச்சிருக்கேன். முந்தல் தாண்டி ரெண்டு வளைவு ஏறிட்டுத் திரும்பிக் கொண்டாங்க. புது டயரு, நட்ட இன்னொரு தடவ முடுக்கிக் கொடுத்துர்றேன். மதினி, நீங்க இங்கயே இருங்களேன். வெரசா வந்துருவாக.

— இல்ல தம்பி. நானும் போறேன்.

— பாத்தியா? இதுக்கும் வர்றா. ஏறித் தொலை. ஆனா ஒண்ணு. இன்னைக்கு வளைவுல நீ வாயத் தெறக்கக் கூடாது. ‘பஸ்சு வருது’ கெடையாது, ‘ஒதுங்குங்க’ கெடையாது. எதுத்தாப்புல வர்றத நானே கேக்கணும்.

— சரி.

— சரின்னா?

— சரின்னா சரி. வாயத் தெறக்கல.

— என்ன மதினி, நாலும் புதுசு போட்டும் மூஞ்சியில ஒரு தெளிச்சி இல்ல?

— தூக்கமில்ல தம்பி. வேற ஒண்ணுமில்ல. வர்றோம்.

…

— சுருளி.

— ம்.

— முந்தல் தாண்டியாச்சு. கேட்டியா? ஒரு பொட்டுச் சத்தமில்ல. பஞ்சு மேல போற மாதிரி இருக்கு. சின்ராசு கெட்டிக்காரன். அந்த ஊளை லேசா இருக்கத்தான் செய்யுது. பழகப் பழகப் போயிரும்.

— ம்.

— கண்ணாடிய எறக்கிக்க. மழை விட்டுருச்சு, காத்து நல்லா இருக்கு. இந்தா, மொத வளைவு. ஆரன் அடிச்சாச்சு. கேப்போம்… வரல. ஏறுறேன். ஏறியாச்சு. ரோடு காலி. நீ சொல்லாமலே ஏறிட்டேன் பாத்தியா?

— பாத்தேன்.

— கோவமா? வாயத் தெறக்காதன்னு சொன்னதுக்கா?

— கோவமில்ல.

— கோவம்தான். நான் மனுசனாப் பேசி நாளாச்சு, எனக்கே தெரியுது. கண்ணு முழிச்சா வண்டி, கண்ணு மூடினா வண்டி. செவ்வாக்கெழமைக்குப் பின்னாடி படுத்தா அந்தப் பஸ்சு மூஞ்சிதான் வருது. யாரு மேலயாச்சும் எரிஞ்சு விழணும்னா நீதான் பக்கத்துல இருக்க.

— தெரியும்.

— தெரிஞ்சுதான் இருக்கும். முப்பத்தஞ்சு வருசம். இந்தா, ரெண்டாவது வளைவு. ஆரன் அடிச்சிட்டேன். இரு, எஞ்சினையே அணைச்சுப் போடுறேன். டயரும் கத்தாது, எஞ்சினும் கத்தாது. நல்லாக் கேப்போம்.

— ம்.

— எவ்வளவு அமைதியா இருக்கு பாரு. இந்த மலையில இப்படி ஒரு அமைதிய நான் கேட்டே ஒரு வருசம் இருக்கும். சுருளி, ஒண்ணு சொல்றேன், மறுத்துப் பேசக்கூடாது. நாளையிலயிருந்து நீ வரவேணாம். விடியக்காலம் கூதல்ல எந்திரிக்க வேணாம், அந்த முட்டியோட தூருக்குத் தூரு குனிய வேணாம். நெசமாச் சொல்றேன். நீ எதுக்கு விடாம வர்றேன்னு எனக்குத் தெரியாதா? நான் பயந்துக்குவேன்னு வர்ற. இனிமே பயமில்ல. டயரு பாத்துக்கும். நீ வீட்டுல காலு நீட்டிப் படுத்துத் தூங்கு. எத்தன வருசத் தூக்கம் பாக்கி. என்ன, அழுகுறியா?

— இல்ல.

— அப்புறம் எதுக்கு ஹேண்ட் பிரேக்குல கைய வச்சு இப்படி இறுக்கிப் புடிச்சிருக்க? நான்தான் போட்டிருக்கேனே. எடு, எடு. மறு ஆரன் வரல, ரோடு காலி. கெளப்பட்டுமா? இப்பப் பேசலாம், சொல்லு.

— கெளப்பாதீக. மேல பஸ்சு ஆரன் அடிக்குது. இதோட மூணாவது தடவ.