அலை விழாத தட்டு

— இந்தாங் சார், நீங்களே வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங். மறுபடி அதே அலைதானுங்.

— பளபளன்னுதான இருக்கு மருதாசலம்?

— பளபளப்ப வெச்சு என்னங் பண்றது? நகத்த வெச்சு மேல இழுங் சார். தட்டுதுங்களா?

— ம்... தட்டுது. வரிவரியா, குளத்துல காத்தடிச்ச மாதிரி.

— இதப் பம்புல மாட்டுனா நேத்துக் கதைதானுங். சித்த நேரம் ஓடும், சூடேறும், அப்பறம் இறுகிப் புடிச்சு நின்னுக்கும்.

— அண்ணே, இன்னொரு தபா ஓட்டிப் பாக்கலாமாண்ணே? வேணும்னா கூலன்ட் தண்ணி புதுசா கலக்கிகினு வரேன்.

— காலையிலிருந்து நீயுந்தான பாக்கற ராமசாமி? தண்ணி மாத்தியாச்சு. கல்லு மாத்தி, வைரத்துல அதோட மூஞ்சியச் சீவியாச்சு. மெஷின் காலுக்கடியில லெவல் பாத்தாச்சு. பொறி லேசா வந்தாப் போதும்னு பட்டும் படாமத்தான் கல்ல இறக்கறேன். கிரைண்டருகிட்ட இதுக்கு மேல வாங்க ஒண்ணுமில்ல.

— அப்ப இன்னாதான்ணே கோளாறு?

— மருதாசலத்து மேலயும் தப்பு இல்ல, மெஷின் மேலயும் தப்பு இல்ல ராமசாமி. நான் சொல்லுதேன், இங்கன வந்து மெஷின் மேல கைய வை. வச்சியா? இப்பம் பக்கத்து ஷெட்டக் கவனி.

— இரும்படிக்கற பெரிய ஹாம்மர் அடிக்குது சார்.

— கையில?

— யப்பா! ஒவ்வொரு அடிக்கும் அதிருது சார்.

— அவங்க அங்க ஒரு அடி போட்டா, இங்க கல்லு ஒரு குதி குதிக்கி. ஒரு குதிக்கு ஒரு அலை. வேற எந்த வேலைக்கும் இது பெருசாத் தெரியாது. இந்தத் தட்டு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஓடணும் பாரு, அதான் தெரியுது.

— அப்ப நிறுத்தச் சொல்லுங்க சார்!

— சொல்லாம இருப்பனா? அந்த ஷெட்டு ஃபோர்மேன் பரமசிவத்துக்கிட்ட கெஞ்சிட்டு வந்துதான் இங்க நிக்கேன். மண்ணு வெட்டுற மெஷினுக்குப் பல்லு அடிக்காங்க. உலையில இரும்பு பழுத்துக் கெடக்கு, இப்ப நிறுத்துனா அத்தனையும் வீணு, மேல இருந்து உத்தரவு வந்தா நிறுத்துதேன்னுட்டார். மேல போன் போட்டா, எல்லாரும் மைன்ஸுக்குப் போயிருக்காங்கங்கான். மைன்ஸுக்குப் போட்டா, லைனே கிடைக்கல.

— அங்க சுரங்கத்துல தண்ணி ஏறிகினு இருக்குதே சார்.

— தெரியும்டே. அந்தப் பம்பு ஓடலைன்னா அடியில இருந்து ஊத்துத் தண்ணி மண்ணையே தூக்கிட்டு வரும். அந்தப் பம்புக்குத்தான இந்தத் தட்டு!

— என் தம்பி வேலுமணி கீழதான் சார் இருக்கறான். காண்ட்ராக்ட் ஆளு. மத்தவங்கள எல்லாம் மேல ஏத்திட்டு, மணல் மூட்டை அடுக்கறதுக்குன்னு கொஞ்சம் பேர நிறுத்திகினாங்க. அதுல இவன் ஒருத்தன். அவன் பொண்டாட்டி காடாம்புலியூர்லேர்ந்து வந்து மைன்ஸ் கேட்டாண்ட குந்திகினு இருக்குது. என்னைப் பாத்து, அவரு எப்ப மாமா மேல வருவாருன்னு கேக்குது. நான் என்னா சொல்லட்டும்?

— ஏன்டா இத காலையிலயே சொல்லல?

— சொன்னா அவசரத்துல கல்ல ஆழமா இறக்கிடுவீங்கண்ணே.

— இந்த ஷிப்ட்டுல ஹாம்மர் மிதியில நிக்கறது யாரு?

— நல்லசாமி அண்ணன்தான். உங்க ஊர்க்காரராச்சே, பக்கத்துப் பக்கத்து குவார்ட்டர்ஸு. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேக்க மாட்டாரா?

— அவன் எங்கூடப் பேசறதில்ல. எமர்ஜென்சி முடிஞ்சு யூனியன் எலக்ஷன் வந்துச்சல்ல, அதுல நான் வேற கொடிக்குப் போயிட்டேன். அன்னையில இருந்து மூஞ்சியக் கூடப் பாக்க மாட்டான். நடுவுல ஒத்தச் செவுருதான், அவன் ரேடியோவ முடுக்கறது எனக்குக் கேக்கும். அவ்வளவுதான் பழக்கம் இப்ப.

— நான் போயி கேக்கட்டுமாண்ணே?

— கேளு. மருதாசலம் கேட்டான்னு சொல்லு. காலப் புடிச்சுக் கேட்டான்னு சொல்லு. ரெண்டு தட்டு ஓட்டற நேரம் குடுத்தாப் போதும்னு சொல்லு.

— போறேண்ணே.

— பேருக்குத்தான் நான் இஞ்சினியரு மருதாசலம். செவுத்துக்கு அந்தப் பக்கம் அடிக்கிற ஒரு ஹாம்மர நிறுத்த எனக்கு வக்கில்ல.

— விடுங் சார். உங்களக் குத்தஞ் சொன்னா தண்ணி எறங்கவா போவுது?

— அவன் கேப்பானா?

— தெரியலீங். வீராப்புப் புடிச்சவன். கோயமுத்தூருல இருந்து ஒண்ணாத்தான் ரயிலேறி வந்தோம். ரெண்டு பேருக்கும் ஒரே பாய்தானுங் அப்பெல்லாம்.

— ராமசாமி வந்துட்டானே. என்னடே ஆச்சு?

— சொன்னேன் சார். ஃபோர்மேன் பக்கத்துலயே நின்னுகினு இருந்தாரு. நல்லசாமி அண்ணன் என்னை ஒரு பார்வ பாத்தாரு. திரும்பிகினு அடிக்க ஆரம்பிச்சிட்டாரு.

— ம்... அவ்வளவுதானுங் சார். முடிஞ்சுது.

— பேசாம இதையே மாட்டிப் பாப்பமா மருதாசலம்? அது இறுகறதுக்குள்ள அந்த ஆளுங்களையாவது மேல—

— இருங் சார்.

— என்ன?

— சத்தத்தக் காணமுங்.

— ஆமா... ஆமாய்யா, ஹாம்மர் நின்னுட்டு!

— நிறுத்திட்டான் சார்! ஃபோர்மேன் பக்கத்துல இருக்கறப்பவே நிறுத்திட்டான்! ராமசாமி, என்னடா பாத்துக்கிட்டு நிக்கற? தண்ணியத் தொற! தட்ட வெச்சுப் புடிச்சுக்கற மேக்னெட்டப் போடு!

— போட்டாச்சுண்ணே!

— கிட்ட வராதீங் சார், பொறி தெறிக்கும்... வருது... பாருங், சத்தமே வேற மாதிரி இருக்குது. காலையிலிருந்து கர்ரு கர்ருன்னு இருந்துது, இப்ப சீராப் போகுது பாருங். இனி இறக்க மாட்டேன். சும்மா ஓடட்டும். பொறி தானா அடங்கட்டும்... அடங்கிருச்சு. எடுத்துத் தொடைங். நகத்த வைங்.

— தட்டலய்யா. வழுக்குது. மருதாசலம், கண்ணாடிய்யா இது!

— என்ற சர்வீஸுல இப்பிடி ஒண்ணு வந்ததில்லீங் சார்.

— ராமசாமி, இத ஜீப்புல பத்திரமா வச்சுடு. அப்பிடியே நல்லசாமியப் பாத்து, இன்னொரு தட்டு இருக்கு, அது முடியிற வரைக்கும் பொறுத்துக்கிடச் சொல்லு. நான் நன்றி சொன்னேன்னு சொல்லு.

— இதோ சார்!

— ரெண்டாவதையும் ஏத்தறனுங். பாத்தீங்களா சார், எனக்காகப் பண்ணிட்டான். இவனையா நான் வைரியாட்ட நெனச்சுக்கிட்டு இருந்தேன்! ஷிப்ட்டு முடிஞ்சதும் நேராப் போயி அவன்ற கதவத் தட்டறனுங். அவன் பொண்டாட்டி பார்வதி அந்தப்பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கும். திருப்பட்டும். ஒரு வாய் காப்பி குடிக்காம எந்திரிக்க மாட்டேன்.

— போங்க மருதாசலம், நானும் கூட வாரேன். என்ன, ராமசாமி ஓடி வாரான்?

— அண்ணே... மெஷின நிறுத்துங்கண்ணே.

— இப்பத்தான்டா ஏத்துனேன். என்ன, ஃபோர்மேன் சண்டைக்கு வந்துட்டாரா?

— நல்லசாமி அண்ணன் நிறுத்தலண்ணே. அடிச்சிகினு இருக்கும்போதே நெஞ்சப் புடிச்சிகினு சாஞ்சிட்டாரு. கால் மிதியிலேர்ந்து நழுவிச்சு, ஹாம்மர் தானா நின்னுடுச்சு. ஆம்புலன்ஸ் வந்துச்சு. தூக்கறதுக்குள்ளயே... உசுரு இல்லண்ணே.

— மருதாசலம். மருதாசலம், உக்காருங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— பார்வதிக்குச் சொல்லியாச்சா?

— ஆள் போயிருக்குதுண்ணே. நீங்க கெளம்புங்க, என் சைக்கிள்ல கொண்டாந்து ஆஸ்பத்திரியில வுடறேன்.

— ஹாம்மரு?

— என்னாண்ணே?

— ஹாம்மருல வேற ஆளு ஏத்திட்டாங்களா?

— கலியன வரச் சொல்லியிருக்காங்க. உலையில இரும்பு கெடக்குதாமே. அவரு வந்துகினே இருக்காரு.

— நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மருதாசலம். போறதுன்னா போங்க. இருங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

— உன்ற தம்பி இன்னும் கீழதான இருக்கறான் ராமசாமி? கலியன் வந்து மிதியில கால வெக்கறதுக்குள்ள இது முடியோணும். அழுகாம தண்ணியத் தொறந்து வுடு.