காற்று வந்த குழாய்

ஐயா, காலையில் எழுந்ததும் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவினால்தான் எனக்கு அன்றைய பொழுது ஓடும். இதை யாரும் குற்றமென்று சொல்லமாட்டார்கள்.

பூந்தமல்லியில் நெல் மண்டி வைத்திருக்கிறேன். துரைமார் பங்களாக்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபோது, எங்கள் தெருவுக்கும் எப்படியும் வரும் என்று நம்பி, புது வீட்டு முற்றத்துச் சுவரில் பித்தளைக் குழாய் ஒன்றைப் பதித்தேன். பின்கட்டில் பட்டணத்து மாதிரி கக்கூஸும் கட்டினேன். போர்டு ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். உங்கள் தெருவில் கன்னியம்மாள் கிணறு கற்கண்டாய் இருக்கிறது, கிணறு இல்லாத தெருவுக்குத்தான் முதலில் என்றார்கள்.

கன்னியம்மாள் பக்கத்து வீட்டு விதவை. யார் வந்து இறைத்தாலும் வேண்டாமென்று சொன்னதில்லை. அந்தக் கிணற்றடியில்தான் என் மானம் போயிற்று. எதிர்வீட்டு எத்திராஜ் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தினமும் கேட்பான்:

"இன்னா அண்ணாத்தே, கொயாய்ல தண்ணி வந்துச்சா, இன்னும் காத்துதான் வருதா?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எத்தனை நாள்தான் பொறுப்பது, நீங்களே சொல்லுங்கள்.

கிணறு கெட்டால் குழாய் வரும். நியாயமான யோசனைதான். கக்கூஸ் கழிவு போகும் குழாயை மதிலோரமாக இழுத்து, அவள் கிணற்றை ஒட்டி மண்ணுக்குள் திறந்துவிட்டேன். மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது. தண்ணீரில் நிறமும் மாறவில்லை, நாற்றமும் வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆடி ஞாயிறு அம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். கூழை முதல் நாளே காய்ச்சிவிடுவார்கள். மறுநாள் கரைப்பது பச்சைத் தண்ணீரில். கன்னியம்மாள்தான் குடம் குடமாக இறைத்து அண்டாவில் ஊற்றினாள். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவே வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது.

பிறகு வாந்திபேதி. எத்திராஜின் பிள்ளைகள் இரண்டும் ஒரே பாயில் போயின. கன்னியம்மாளைப் பார்க்கப் போனேன். கண்கள் குழிந்து கிடந்தாள்.

"ஒன் ஊட்டு கொயந்தைங்கோ நல்லா கீதுங்களா நைனா? பங்காளித் தீட்டுன்னு நீங்கோ கூழு குடிக்காததும் நல்லதா பூட்ச்சு. ஆத்தாதான் காப்பாத்திகீறா."

ஆமாம் என்றேன். வெள்ளானூரில் எந்தப் பங்காளியும் சாகவில்லை. ஆடி பிறந்ததும் நானே கிளப்பிவிட்ட தீட்டு அது. மறுநாள் விடிவதற்குள் அவளும் போய்விட்டாள்.

கிணற்றை மூடினார்கள். தை பிறப்பதற்குள் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது. முதல் இணைப்பு என் வீட்டுக்குத்தான். எத்திராஜின் பெண்சாதிகூட வந்து ஒரு குடம் பிடித்துப் போனாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை.

கொல்லும் எண்ணம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். சத்தியமாக இல்லை, ஐயா. அந்தத் தண்ணீரால் ஆள் சாகும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கக்கூஸ் குழாயை மண்ணுக்குள் திறந்துவிட்ட அன்றிலிருந்து என் வீட்டில் மட்டும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னது, சும்மா ஒரு ஜாக்கிரதைக்குத்தான்.