ஃபெலிக்ஸின் ஐம்பதும் மேல்வரிசைப் பற்களும்

— இதோ பார் ஆக்னஸ், வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்துச் சொல்கிறேன். இனி என் வாயிலிருந்து வரப்போகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு எழுத்துப் பொய்யாக இருந்தாலும் இந்தத் தேவசகாயத்தின் நாக்கு மைக்கில் ஒட்டிக்கொள்ளட்டும்.

— அது வேதப் புத்தகம் இல்ல மாமா. டெலிபோன் டைரக்டரி.

— கண்ணாடி போடவில்லை. அதை அந்தப் பக்கம் வை. நான் சொன்னது சொன்னதுதான்.

— மேடைத் தமிழ் நக்கோ மாமா. சாதாரணமா பேசுங்க. உங்க ஆர்கெஸ்ட்ராவுல டிரம்பெட் வாசிக்கிற மனுஷன், நேத்து தன்னோட அம்பதாவது பிறந்தநாளும் அதுவுமா வீட்டுக்கே வரல. பாஸ்டர் ஜெபம் பண்ண வந்து காத்திருந்தாரு. மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பாதிப் பேரு எங்க வீட்டுலதான் இருந்தாங்க. செல்லு சுவிட்ச் ஆஃப். கடைசியில கேக்கை நானே வெட்டி, நானே என் வாயில போட்டுக்கிட்டேன். அவரு எங்க இருந்தாருன்னு மட்டும் சொல்லுங்க.

— இருபத்தைந்து வருஷமாக ஆர்கெஸ்ட்ரா நடத்தி, மைக்கைப் பிடித்து அறிவிப்புச் செய்கிற வாய் இது. உண்மையைச் சொல்லும்போது இப்படித்தான் வரும். சொல்லவா, வேண்டாமா?

— சொல்லுங்க. வெளில என் தம்பி ஜேம்ஸ் ஸ்கூட்டரோட நிக்கறான். என் பெட்டி அதுலதான் இருக்கு. நீங்க சொல்றதைக் கேட்டுட்டுத்தான் என் வீட்டுக்குத் திரும்பறதா, இல்ல போலாரத்துல அவன் வீட்டோட போயிடறதான்னு முடிவு பண்ணப்போறேன்.

— அப்படியானால் நிதானமாகவே சொல்கிறேன். ஒரு வாரமாகவே ஃபெலிக்ஸுக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. டிரம்பெட்காரனுக்கு முன்பல் என்றால் சும்மா இல்லை. உதட்டுக்குப் பின்னால் இருக்கிற சுவர் அது. சுவர் சரிந்தால் காற்று நிற்காது, காற்று நிற்காவிட்டால் சுரம் நிற்காது, சுரம் நிற்காவிட்டால் ஃபெலிக்ஸ் எங்கே நிற்பான்? அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. உன்னிடம்கூடச் சொல்லவில்லை, இல்லையா?

— ஹவ், ஆமா. என்கிட்ட சொல்லல.

— பார்த்தாயா. ஐம்பது நெருங்க நெருங்க அவனுக்கு எல்லோர்மேலும் சந்தேகம் வந்துவிட்டது. நம்ம கீபோர்டு யூசுப் இருக்கிறானே, அவன் ஒற்றை விரலால் டிரம்பெட் வாசிப்பான், சாக்ஸபோன் வாசிப்பான், புல்லாங்குழலும் வாசிப்பான். பொத்தானை மாற்றுவதுதான் வேலை. அப்படிப்பட்டவன் ஒருநாள் ஒத்திகைக்கு முறுக்குப் பொட்டலத்தோடு வந்தான். ஃபெலிக்ஸ் முறுக்கைப் பார்த்தான், யூசுப்பைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் ஒரு டீ வாங்கித் தராதவன் இன்றைக்கு எதற்கு முறுக்கு நீட்டுகிறான் என்று யோசித்தான். பல்லைச் சோதிக்கிறான் என்பது புரிந்துவிட்டது. வயிறு சரியில்லை என்று நழுவினான். மறுநாள் தபலா டேனியல் கடலை மிட்டாய் நீட்டினான். சர்க்கரை வியாதி என்று சொல்லித் தப்பித்தான். அதற்கு மறுநாள், சுட்ட மக்காச்சோளம்.

— அது யாரு குடுத்தா?

— யாரோ ஒருத்தர்.

— ரோகிணியா?

— பாட்டுக்காரப் புள்ள அவ, எல்லாருக்கும்தான் வாங்கிட்டு வந்தா. உப்பல்ல பஸ் ஏறும்போது நல்ல கதிரா வித்துதாம். அவனுக்கு மட்டும்னு ஒண்ணும் இல்ல.

— மேடைத் தமிழ் எங்க போச்சு மாமா?

— தொண்டை கட்டியிருக்கிறது. குறுக்கே பேசாமல் கேள். நேற்று ஹைடெக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஆண்டுவிழா. இப்போதெல்லாம் கல்யாணக்காரர்கள் பாட்டுப்பெட்டியை வைத்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். கம்பெனிக்காரர்கள்தான் நமக்குச் சோறு. புல்வெளியில் மேடை, மரத்துக்கு மரம் விளக்கு. எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கழுத்தில் அட்டை. அத்தனையும் நேற்றுப் பால் மறந்த பிள்ளைகள். தலை நரைத்தவர்கள் என்று பார்த்தால் நான், ஃபெலிக்ஸ், அப்புறம் பிரியாணி கிளறிக்கொண்டிருந்தவர். மேடையில் ஏறும்போது ஃபெலிக்ஸ் என் காதில் கேட்டான். மாமா, நான் வாசிக்க வந்தபோது இதுகளுடைய அப்பா அம்மாவுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது இல்லையா என்று. அதற்கு நான் என்ன சொல்ல? இதுகளுடைய அப்பா அம்மா கல்யாணத்துக்கே நீதானப்பா வாசித்தாய் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

— ரோகிணி மேடையில இருந்தாளா?

— முதல் இரண்டு பாட்டுக்கு இருந்தாள். அப்புறம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கம்பெனி வேனில் உப்பலுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

— வேன்ல வேற யாரு?

— டிரைவரு.

— அப்பறம்?

— ஸ்பீக்கர் பெட்டி.

— பாதிக் கச்சேரியிலயே ஸ்பீக்கரை ஏத்தி அனுப்பிட்டீங்களா?

— ஒண்ணு ரிப்பேரு. கொர்ருனு இரைஞ்சுது.

— அக்கா, கைக்கு, ஏன் இத்தனை நேரம்? வெயில் ஏறுது. மச்சான் உள்ள இருந்தா வெளில வரச் சொல்லு. நான் கேக்கற விதமா கேக்கறேன்.

— நீ வெளிலயே இரு ஜேம்ஸ். மாமா இப்பத்தான் பல்லுக்கிட்ட வந்திருக்காரு.

— நன்றி அம்மா. கடைசிப் பாட்டு. அதில் டிரம்பெட்டுக்கென்று தனியாக ஒரு நீண்ட இடம் இருக்கிறது. படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்து, பார்க்கிறவர்களுக்குப் பயம் வருகிற வரைக்கும் நிறுத்த வேண்டும். யூசுப் ஒரு விரலைத் தயாராகத் தூக்கி வைத்துக்கொண்டு ஃபெலிக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். இவன் தடுக்கினால் அவன் அழுத்துவான். ஃபெலிக்ஸும் ஓரக்கண்ணால் அந்த விரலைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் ரோஷம் வந்து ஒரு ஊது ஊதினான் பார், முன்பல் கழன்றது. கழன்ற பல் தொண்டைக்குள் போகவில்லை. டிரம்பெட்டுக்குள் புகுந்து, வளைவெல்லாம் சுற்றி, அந்தப் பக்கம் வெளியே வந்து, முன்வரிசையில் அமெரிக்காவிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரியின் தக்காளி சூப்பில் விழுந்தது.

— ஊதற ஓட்டைல பட்டாணி கூடப் போகாது மாமா. நான் அதைத் துடைச்சு வைக்கறவ.

— சாதாரணப் பல் போகாது. இது முப்பது வருஷம் ஊதி ஊதித் தேய்ந்த பல். வேறு ஒருவனாக இருந்தால் அந்த இடத்தில் கருவியைக் கீழே வைத்திருப்பான். ஃபெலிக்ஸ் கலைஞன். அடுத்த சுரத்துக்குப் போனான். அடுத்த பல் போனது. விடவில்லை. அதற்கடுத்த சுரம், அதற்கடுத்த பல்.

— மேல்வரிசை பூராவா?

— பூராவும். ஏறும்போது முன்பற்கள், இறங்கும்போது கடைவாய்ப் பற்கள். சுரம் மட்டும் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. கம்பெனிப் பிள்ளைகள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு ஏற்பாடு என்று நினைத்து, எழுந்து நின்று கைதட்டி ஒன்ஸ் மோர் கேட்டார்கள். இரண்டாவது தடவைக்கு அவனிடம் சரக்கு இல்லை.

— கீழ்வரிசை?

— அப்படியே இருக்கிறது. டிரம்பெட்டுக்கு அது அவ்வளவு முக்கியம் இல்லை. நீயே பார்த்துக்கொள்ளலாம்.

— நான் பாத்துக்கறேன். அப்பறம் என்ன ஆச்சு?

— எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நானும் அவனும் குனிந்து புல்லில் தேடி ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். சூப்பில் விழுந்ததைப் பெரிய அதிகாரியே கரண்டியால் எடுத்துக் கொடுத்தார், தங்கமான மனிதர். எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஃபெலிக்ஸ் நேராக மௌலா அலி ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

— ஸ்டேஷன்லேருந்து வீடு கூப்பிடு தூரம்.

— அதுதான் கொடுமை. வீட்டில் பாஸ்டர் இருக்கிறார், ஜனம் இருக்கிறது, போட்டோ எடுப்பார்கள். ஐம்பதாவது பிறந்தநாள் போட்டோவில் வாயைத் திறந்தால் இருட்டு. எப்படி வருவான் சொல்.

— நீங்களும் கூடவே இருந்தீங்களா?

— பக்கத்திலேயே. ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

— அவரு ஏதாச்சும் பேசினாரா?

— பேசினான். கூட்ஸ் வண்டி ஒன்று போனது. அது போய் முடிந்ததும் சொன்னான். முப்பது வருஷம் அடுத்தவன் கல்யாணத்தில் நின்று, அடுத்தவன் போட்ட மெட்டை ஊதினேன். ஒரு பாட்டுக்குக்கூட இது ஃபெலிக்ஸின் பாட்டு என்று பெயர் கிடையாது. ஐம்பதில் திரும்பிப் பார்த்தால் மூச்சு ஒன்றுதான் மாமா என் சொந்தம், அதையும் ஊதித் தீர்த்துவிட்டேன் என்றான்.

— இது அவரு சொல்ற மாதிரிதான் இருக்கு.

— நான் இட்டுக்கட்டவா போகிறேன்?

— போன மாசம் மொட்டைமாடில துணி எடுக்கப் போனேன். அங்க தனியா நின்னுக்கிட்டு இருந்தாரு. அம்பது ஆயிட்டா நம்மளை யாரும் உத்துப் பாக்க மாட்டாங்க இல்ல ஆக்னஸுன்னு கேட்டாரு. நான் பாக்கறேனேன்னு சொன்னேன். சிரிச்சாரு. நீ பாக்கறது வேறன்னாரு.

— ஆண்பிள்ளைகள் அந்த வயதில் அப்படி ஏதாவது பேசுவார்கள். மனதில் வைத்துக்கொள்ளாதே.

— வெச்சுக்கல மாமா. மேல சொல்லுங்க. அந்தப் பல்லெல்லாம் இப்ப எங்க? கைக்குட்டைலயா?

— கைக்குட்டையில் இல்லை. சின்னப் பிள்ளைக்குப் பல் விழுந்தால் நாம் என்ன செய்வோம்? கூரைமேல் எறிந்தால்தானே திரும்ப முளைக்கும். ஃபெலிக்ஸ் பெஞ்சுமேல் ஏறி நின்று, ஒவ்வொரு பல்லாக ஸ்டேஷன் கூரைமேல் எறிந்தான். தகரத்தில் டங் டங் என்று விழுந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து பார்த்தார். பிறந்தநாள் என்று சொன்னேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

— அம்பது வயசுல முளைக்குமா?

— முளைக்காது என்று யாரும் இதுவரை எறிந்து பார்த்துச் சொல்லவில்லை. அப்புறம் இங்கே அழைத்து வந்தேன். ராத்திரி பூராவும் இந்த உள்ளறையில்தான் படுத்திருந்தான். இப்போதும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான். காலையில் கதவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றபோது கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, பல்லு போச்சு மாமா, ஆக்னஸ்கிட்ட நீங்களே ஏதாவது சொல்லுங்க என்றுதான் சொன்னான். அதற்குமேல் என்னாலும் கேட்க முடியவில்லை.

— ராத்திரி இங்க படுத்தாரா, காலைல கதவைத் தட்டினாரா?

— ராத்திரியும் படுத்தான், காலைலயும் தட்டினான். நடுவுல டீ குடிக்கப் போனான்.

— ஏதாவது சொல்லுங்கன்னு சொன்னாரு. சரி.

— நடந்ததைச் சொல்லுங்கள் என்று பொருள். ஆகையால் அம்மா, ஜேம்ஸைக் கூப்பிட்டுப் பெட்டியை இறக்கச் சொல். அவனை வீட்டுக்கு அழைத்துப் போய்க் கஞ்சி வைத்துக் கொடு. ஒரு வாரத்துக்கு எதுவும் கேட்காதே. கேட்டாலும் காற்றுதான் வரும். இப்படி ஒரு கலைஞனைக் கட்டிக்கொண்டவள் நீ. சந்தேகப்படலாமா?

— எல்லாம் நீங்க கண்ணால பாத்ததுதானே?

— இரண்டு கண்ணாலும்.

— கண்ணாடி போட்டிருந்தீங்களா?

— மேடைக்குப் போனால் போடுவேன்.

— பல்லு பறந்ததையும் பாத்தீங்க. கூரைமேல எறிஞ்சதையும் பாத்தீங்க.

— ஒவ்வொன்றாக. வேண்டுமானால் மறுபடியும் அந்த டைரக்டரியை எடு.

— அக்கா, ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணவா, பெட்டியை இறக்கவா? ஏதோ ஒண்ணு சொல்லு.

— ஒரு நிமிஷம் ஜேம்ஸ், மாமாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வந்துடறேன்.

— சொல்லம்மா, மனசுல எதையும் வெச்சுக்காத.

— அவருக்கு மேல்வரிசை ஆறு வருஷமா பல்செட்டு மாமா. இன்னிக்குக் காலைல அதை ஒரு டிபன் டப்பால வெச்சு, ரோகிணியே உப்பல்லேருந்து பஸ் ஏறி வந்து, என் கையில குடுத்துட்டுப் போனா.